கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து கேள்வி வழி அறிவியல் நடத்த முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் கூட்டு முயற்சி என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புரிந்துணர்வு ஒப்பந்தம். கையெழுத்தாகும், படம் எடுப்பார்கள், ஒரு பேராசிரியர் காணொளியில் ஒரு மணி நேரம் பேசுவார், மாணவர்கள் கைதட்டுவார்கள். அத்தோடு முடிந்துவிடும். பிள்ளைகள் எதையும் கேட்கவில்லை, அளக்கவில்லை, வாதாடவில்லை. இவ்வளவு நல்ல வாய்ப்பு இப்படி வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் கேள்வி, அப்புறம் ஆசிரியர், அப்புறம் பல்கலைக்கழகம், ஒப்பந்தம் கடைசியில். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள், பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பவர்கள், பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்யும் நம் இளையர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

நமக்குச் சாதகமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே தொடக்கநிலை 3-இல் அறிவியல் பாடம் தொடங்குகிறது. 2008-இல் நடப்புக்கு வந்த தொடக்கநிலைப் பாடத்திட்டமே கேட்டு, ஆராய்ந்து, கண்டறியும் கற்றலை மையத்தில் வைத்தது. ஆகவே இப்படி ஒரு திட்டத்தோடு பள்ளி முதல்வரிடம் போகும்போது பாடத்திட்டத்துக்கு வெளியே எதையும் கேட்பதாக நினைக்க வேண்டாம். பாடத்திட்டம் சொல்வதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

முதல் படி: இரண்டு ஊர் தேவைப்படும் கேள்வியைத் தேடுங்கள்

எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் மட்டும் உட்கார்ந்து பதில் காண முடிகிற கேள்விக்கு வெளிநாட்டுக் கூட்டாளி எதற்கு? அந்த ஊர் இல்லாவிட்டால் பதிலே கிடைக்காது என்கிற கேள்விதான் உறவை உயிரோடு வைத்திருக்கும்.

உதாரணமாக ஒன்றை முழுமையாக விரித்துச் சொல்கிறேன்: நண்பகல் நிழல். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் இரண்டு ஊர்களின் நிழலை ஒப்பிட்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அதே கணக்கை சிங்கப்பூர், சென்னை, தோக்கியோ மூன்றையும் வைத்துச் செய்யலாம். தேவையானது 1 மீட்டர் கோல், தூக்குக்குண்டு கட்டிய நூல், மணிலா அட்டை, கோணமானி. அவ்வளவுதான்.

ஜூலை 10-ஐ ஒட்டிய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். நிழல் மிகக் குறுகும் நேரத்தில், 1 மீட்டர் கோலின் நிழல் சிங்கப்பூரில் ஏறக்குறைய 38 செ.மீ., சென்னையில் 16 செ.மீ., தோக்கியோவில் 24 செ.மீ. இருக்கும். மூன்று ஊர்களில் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பது நாம்தான். ஆனால் நிழல் நமக்குத்தான் நீளம்! ‘பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்த 38 சென்டிமீட்டர் பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் உண்மையான கேள்வி பிறக்கும். திசையைப் பார்த்தால் இன்னும் சுவை: சிங்கப்பூரிலும் சென்னையிலும் நிழல் தெற்கே விழும், தோக்கியோவில் வடக்கே விழும்.

காரணம் இதுதான். ஜூலை 10 வாக்கில் சூரியன் 22 பாகைக்குச் சற்று மேலான வட அட்சரேகையில் உள்ள இடங்களுக்கு நேர் மேலே இருக்கும். நாம் 1.35 பாகையில், சென்னை 13 பாகையில். இரண்டுமே அந்தக் கோட்டுக்குத் தெற்கே. தோக்கியோ 35.7 பாகையில், வடக்கே. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் அளப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

நிழல் பிடிக்கவில்லையென்றால் வேறு கேள்விகளும் உண்டு. உலர்ந்த இலை மண்ணுக்குள் எந்த ஊரில் சீக்கிரம் மட்கும்? ஒரே அளவு தண்ணீர் எங்கே வேகமாக ஆவியாகும்? ஆனால் மண், விதை, பூச்சி எதையும் எல்லை தாண்டி அனுப்பாதீர்கள். அதற்கெல்லாம் அனுமதி வேண்டும். எண்களும் படங்களும் போய் வந்தால் போதும்.

இரண்டாம் படி: எவ்வளவைப் பிள்ளைகளிடம் விடலாம் என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி வழிக் கற்றலில் நான்கு நிலைகளைச் சொல்வார்கள். தெரிந்த விடையைச் சரிபார்ப்பது முதல் நிலை. கேள்வியும் வழிமுறையும் ஆசிரியர் தந்து, விடையைப் பிள்ளைகள் காண்பது அடுத்தது. கேள்வியை மட்டும் தந்து வழியை அவர்களே வகுக்க விடுவது மூன்றாவது. கேள்வியும் அவர்களுடையதே என்பது நான்காவது.

ஆர்வத்தில் பலர் நேராக நான்காம் நிலைக்குப் போய்விடுகிறார்கள். வேண்டாம். வழிகாட்டல் குறைந்த கற்பித்தல், முன்னறிவு குறைந்த மாணவர்களுக்குப் பலன் தருவதில்லை என்று 2006-இல் கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. பல நாட்டு 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா ஆய்வின் 2015 சுற்றிலும், அடிக்கடி கேள்வி வழிக் கற்றல் நடவடிக்கைகளில் ஈடுபடுவதாகச் சொன்ன மாணவர்கள் பல நாடுகளில் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தார்கள். இதைக் காட்டி யாராவது கேள்வி கேட்பார்கள். தயாராக இருங்கள். என் பதில்: கோலை எப்படிச் செங்குத்தாக நிறுத்துவது, அட்டவணையை எப்படிப் போடுவது என்பதைச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். ‘ஏன் நமக்கு நிழல் நீளம்?’ என்பதைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. எதைக் கற்பிப்பது, எதைப் பிள்ளைகளிடம் விடுவது என்று பிரிக்கத் தெரிவதுதான் இதில் ஆசிரியரின் திறமை.

தொடக்கநிலை 5, 6 மாணவர்களுக்கு இரண்டாம் நிலையில் தொடங்கி மூன்றுக்கு நகர்வது சரியாக இருக்கும். உயர்நிலையில் மூன்றிலேயே தொடங்கலாம்.

மூன்றாம் படி: ஆளைத் தேடுங்கள், பெயர்ப்பலகையை அல்ல

இணையத்தில் உலகத் தரவரிசை பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது பள்ளிப் பிள்ளைகள் மேல் அக்கறையுள்ள ஒரு விரிவுரையாளரும், அவரிடம் படிக்கும் இரண்டு மூன்று மாணவர்களும். கல்வியியல் துறையில் ஒருவர், அறிவியல் துறையில் ஒருவர் என்று கிடைத்தால் மிக நல்லது. முதலாமவருக்கு வகுப்பறை தெரியும், இரண்டாமவருக்கு அளவீட்டின் நுணுக்கம் தெரியும்.

சிங்கப்பூரில் இயல்பான வாசல், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமான தேசியக் கல்விக் கழகம். இங்குள்ள ஆசிரியர்கள் பயிற்சி பெறும் இடம் என்பதால் உங்களுக்கே அங்கு பழைய விரிவுரையாளர் யாராவது இருப்பார். வெளிநாட்டுத் தொடர்புகளுக்கு அவரிடமே முதலில் கேளுங்கள். வட்டாரத்தில் பினாங்கில் உள்ள சியாமியோ ரெக்சாம் என்ற மையம் அறிவியல், கணிதக் கல்விக்கென்றே இயங்குகிறது. இந்தியப் பக்கம் மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது.

முன்னுதாரணங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் டெல்லிப் பல்கலைக்கழகத்தையும் டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தையும் சேர்ந்தவர்கள் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். பிரான்சில் நோபெல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் ஷார்பாக் 1996-இல் தொடங்கி வைத்த இயக்கமும், விஞ்ஞானிகளைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குத் துணை நிற்க வைத்தது. பெரிய விஞ்ஞானி வந்து உரையாற்றிவிட்டுப் போவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

முதல் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். ஏறக்குறைய இப்படி:

“வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கநிலை 5 மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஜூலையின் முதல் இரண்டு வாரங்களில் நண்பகல் நிழலை அளக்கத் திட்டமிட்டிருக்கிறோம். உங்கள் ஊரில் ஒரு பள்ளி அதே நாள்களில் அளந்தால், இரு வகுப்புகளும் சேர்ந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட முடியும். அருகிலுள்ள பள்ளி ஒன்றை அறிமுகப்படுத்தவும், அளவீட்டுப் பிழையைப் பற்றி மாணவர்களோடு பேச உங்கள் முதுநிலை மாணவர்கள் இருவரை அனுப்பவும் முடியுமா? இப்போதைக்கு நிதியோ ஒப்பந்தமோ தேவையில்லை. அடுத்த வாரம் 20 நிமிடம் பேசலாமா?”

என்ன வேண்டும், எவ்வளவு நேரம், எப்போது என்று மூன்றும் தெளிவாக இருப்பதால் பதில் சொல்வது எளிது. ‘உங்கள் புகழ்மிக்க பல்கலைக்கழகத்துடன் இணைந்து பணியாற்ற விழைகிறோம்’ என்று தொடங்கும் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யாருக்கும் தெரியாது.

நான்காம் படி: நாள்காட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

கூட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறும். நிழல் அளக்க எல்லாரும் முதலில் சொல்வது பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில். கணக்கு எளிது, உண்மைதான். ஆனால் மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஆண்டுத் தேர்வு நெருக்கத்தில் இருக்கும், ஜப்பானில் கல்வியாண்டே முடிகிற நேரம். செப்டம்பரில் நமக்கு பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, தமிழ்நாட்டில் காலாண்டுத் தேர்வு. ஜப்பானில் அந்த இரண்டு நாள்களும் பொது விடுமுறை!

ஆகவேதான் ஜூலை. நம் ஜூன் விடுமுறை முடிந்திருக்கும், தமிழ்நாட்டில் புதிய கல்வியாண்டு ஓடிக்கொண்டிருக்கும், ஜப்பானில் கோடை விடுமுறைக்கு இன்னும் சில நாள்கள் இருக்கும். ஜூலையின் முதல் ஞாயிறு இளையர் தினம், மறுநாள் நம் பள்ளிகளுக்கு விடுமுறை. அதை விட்டுத் திட்டமிடுங்கள்.

ஒரே நாளைக் குறிக்காமல் ஒரு வாரத்தைக் குறியுங்கள். தோக்கியோவில் ஜூலை நடுப்பகுதிவரை மழைக்காலம், நம் ஊர் மேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நாள்களில் சூரியனின் நிலை ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பாகை அளவே மாறும். இரு ஊர்களும் ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக அளந்தாலும் பெரிய பிழை வராது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். ஜூலை 10 வாக்கில் சிங்கப்பூரில் நிழல் மிகக் குறுகுவது பிற்பகல் 1.10 மணி அளவில். தொடக்கப்பள்ளி விடும் நேரம் அது. பள்ளிப் பேருந்து காத்திருக்கும், தாத்தா பாட்டி வாசலில் நிற்பார்கள். கடைசிப் பாடவேளையை முன்கூட்டியே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள், பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: அனுமதிகள்

பள்ளி முதல்வரின் ஒப்புதல் முதலில். பாடமாக மட்டும் நடத்தினால் பெரும்பாலும் அது போதும். பல்கலைக்கழகம் மாணவர்களைப் பற்றிய தரவு திரட்டி ஆய்வாக வெளியிட நினைத்தால் கதை வேறு: பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு, கல்வி அமைச்சு, பெற்றோர் என மூன்று தரப்பின் ஒப்புதலும் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். முதல் ஆண்டு ஆய்வே வேண்டாம் என்பது என் கருத்து. பாடம் நன்றாக நடக்கட்டும்.

பிள்ளைகளின் முகம், முழுப் பெயர் எதுவும் எல்லை தாண்டத் தேவையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவில் இருக்கட்டும். குழுக்களுக்குப் பறவைப் பெயர் வைத்துவிடுங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

ஆறாம் படி: ஆசிரியர்கள் முதலில் தாங்களே செய்து பாருங்கள்

மூன்று ஊர் ஆசிரியர்களும் பிள்ளைகளுக்கு முன்பாக ஒருமுறை அளந்து, எண்களைப் பகிர்ந்து, காணொளியில் பேசுங்கள். ஜப்பானிய ஆசிரியர்களிடம் சேர்ந்து பாடம் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் கவனித்து, பிறகு கூடிப் பேசும் நல்ல மரபு உண்டு. அதை அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

செய்து பார்க்கும்போதுதான் சின்னச் சின்ன விஷயங்கள் தெரியவரும். நிழலின் முனை கூர்மையாக இருக்காது. சூரியன் புள்ளி இல்லை, வானத்தில் அரைப் பாகை அகலம் உள்ள வட்டம். அதனால் 1 மீட்டர் கோலின் நிழல்முனை 1 செ.மீ. அளவுக்கு மங்கலாகத் தெரியும். ஒரு பிள்ளை 37 என்பாள், இன்னொருவன் 38 என்பான். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கோலின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டிவிட்டால், அட்டையின் நிழலுக்கு நடுவே வட்டமான ஒளிப்புள்ளி விழும். அதன் மையத்தை அளக்கலாம். இதையும் உடனே சொல்லாதீர்கள். 37-ஆ 38-ஆ என்ற சண்டை கொஞ்சம் நடக்கட்டும். ‘முனை எது என்று எப்படி முடிவு செய்வது?’ என்று அவர்களே கேட்கும்போது அட்டையை எடுங்கள்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி காத்தாலே பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்று அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். சொல்ல எளிது, வகுப்பில் மூன்று நொடி மௌனம் ஒரு யுகமாகத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அளக்கும் நாளும், அதற்குப் பிறகும்

பகல் 12.40 முதல் 1.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல்முனையைக் குறிக்கச் சொல்லுங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது. தூக்குக்குண்டு நூலை வைத்துக் கோல் சாயாமல் இருக்கிறதா என்று ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

12 மணிதானே உச்சி, 1 மணிக்கும் நிழல் ஏன் குறைந்துகொண்டே போகிறது? இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை உலக நேரத்துக்கு 8 மணி முன்னால் வைத்திருக்கிறது. ஆனால் நம் தீர்க்கரேகைக்கு 7 மணிக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். தோக்கியோவிலும் சென்னையிலும் நிழல் எப்போது குறுகியது என்று கேட்டு வாங்கினால் படம் முழுமையாகும். நம் கடிகாரப்படி தோக்கியோவில் காலை 10.46, இங்கே 1.10, சென்னையில் 2.44 வாக்கில். தீர்க்கரேகை வேறுபாட்டை இந்த நேர இடைவெளியால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கு 15 பாகை என்று வரும். பூமி சுழலும் வேகத்தைத் தங்கள் கையாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்!

முக்கோணவியல் தெரியாத பிள்ளைகள் கட்டத்தாளில் அளவுக்கு ஏற்ப முக்கோணம் வரைந்து கோணமானியால் அளக்கலாம். கோலின் உச்சியில் உள்ள கோணம் நமக்கு 20.9 பாகை, சென்னைக்கு 9.1, தோக்கியோவுக்கு 13.5 என்ற அளவில் வரும். இரு ஊர்களுக்கு இடையிலான கோணம் 360 பாகையில் எவ்வளவு பங்கோ, அவற்றுக்கு இடையே தெற்கு வடக்கான தூரமும் பூமியின் சுற்றளவில் அதே பங்கு. அந்தக் கோணத்தைக் காண, சென்னையோடு ஒப்பிடும்போது கழிக்க வேண்டும், தோக்கியோவோடு கூட்ட வேண்டும். ஏன்? நிழல்கள் விழுந்த திசையைப் பார்த்து அவர்களே சொல்லட்டும். இந்த ஒரு கேள்விக்கு ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் அது வீணில்லை.

அடுத்த இடறல் தூரத்தில். சென்னைக்கு விமானம் பறக்கும் தூரமான சுமார் 2,900 கி.மீ.-ஐப் போட்டால் பூமியின் சுற்றளவு 89,000 கி.மீ. என்று வரும், உண்மையைவிட இரு மடங்குக்கு மேல். வரைபடத்தில் தெற்கு வடக்காக மட்டும் அளந்தால் ஏறக்குறைய 1,300 கி.மீ., அப்போது 40,000-ஐ ஒட்டி விடை வரும். 89,000 வந்ததும் ‘தப்பு’ என்று சொல்லிவிடாமல், எந்தத் தூரத்தை அளந்தோம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழக மாணவர்கள் நுழைய வேண்டிய இடம் இதுதான். கோல் 1 பாகை சாய்ந்தால் சென்னைக் கணக்கில் 8 விழுக்காட்டுக்கு மேல் பிழை வரும், தோக்கியோக் கணக்கில் 3 விழுக்காடுதான். தூரத்து ஊர் ஏன் நல்லது, எத்தனை முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும், ஒட்டாத ஓர் எண்ணை நீக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அவர்கள் தினமும் ஆய்வகத்தில் எதிர்கொள்வது. பள்ளி ஆசிரியருக்கு இதில் பழக்கம் குறைவாக இருக்கலாம். அவர்களிடம் ஒரே நிபந்தனை வையுங்கள்: பிள்ளை கேட்டதும் விடை சொல்லாமல், ‘அதை எப்படிச் சோதிப்பாய்?’ என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் அறிவியல் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனால் சென்னைப் பிள்ளைகளோடு பேசும் அன்று, வகுப்பில் உள்ள தமிழ் மாணவர்கள் முன்வரிசைக்கு வருவார்கள். தமிழ் ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் பாடத்தைப் பற்றித் தமிழில் பேச வாய்ப்பே கிடைக்காத பிள்ளைக்கு, தன் வயதுப் பிள்ளையிடம் ‘உங்க ஊர்ல நிழல் எந்தப் பக்கம் விழுந்துச்சு?’ என்று கேட்கும் சந்தர்ப்பம் வேறு எங்கே கிடைக்கும்?

எட்டாம் படி: பலனை எப்படிப் பார்ப்பது

தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எழுதிய கேள்விகளையும் கடைசி வாரத்தில் எழுதியவற்றையும் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். ‘சூரியன் எவ்வளவு பெரியது?’ என்பதிலிருந்து ‘வரைபடம் வரைந்தவருக்கு பூமியின் அளவு முன்பே தெரிந்திருந்தால், நாம் கண்டுபிடித்தது என்ன?’ என்பதுவரை ஒரு பிள்ளை வந்திருந்தால் திட்டம் வேலை செய்திருக்கிறது. இரண்டாவது கேள்வி உயர்நிலை மாணவர்களிடமிருந்து வரக்கூடியது, அதற்கு நல்ல பதிலைப் பேராசிரியரோடு சேர்ந்து யோசியுங்கள். பிள்ளைகளின் முடிவுகளில் கூற்று, ஆதாரம், ஆதாரம் கூற்றை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்பதாம் படி: இரண்டாம் ஆண்டு

செலவு பெரிதாக இல்லை, எனவே பணம் தீர்ந்து திட்டம் நிற்காது. ஆள் மாறினால்தான் நிற்கும். பேராசிரியர் ஓராண்டு ஆய்வு விடுப்பில் போவார், நீங்கள் வேறு பள்ளிக்கு மாறுவீர்கள். அதனால் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பாடத்திட்டம், அளவீட்டு அட்டவணை, கடிதங்கள் எல்லாம் ஒரே பகிர்வுக் கோப்பில் இருக்கட்டும்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு இப்போது வாருங்கள். ஒரு சுற்று முடிந்திருப்பதால் யார் என்ன செய்வது, தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரை வந்தால் ஆசிரியரின் பெயரும் அதில் இருக்குமா என்று தெளிவாக எழுத முடியும். கடைசியாகச் சொன்னதை விட்டுக்கொடுக்காதீர்கள். வகுப்பில் நின்று உழைத்தவர் பெயர் இல்லாத கட்டுரை நியாயமானதல்ல.

அடுத்த அளவீட்டை ஜனவரி இரண்டாம் வாரத்துக்கு வையுங்கள், சென்னையில் பொங்கல் விடுமுறை தொடங்குவதற்கு முன்பாக. நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் கூடுதல் நாள்கள் ஒதுக்க வேண்டும். அப்போது மூன்று ஊர்களிலும் நிழல் வடக்கே விழும்: இங்கே ஏறக்குறைய 43 செ.மீ., சென்னையில் 70, தோக்கியோவில் ஒன்றரை மீட்டருக்கு மேல். ஜூலையில் அளந்தவர்கள் அதற்குள் தொடக்கநிலை 6-க்குப் போயிருப்பார்கள். புதிய 5-ஆம் வகுப்புக்கு அவர்களே வந்து கோல் நிறுத்தக் கற்றுக்கொடுக்கட்டும். ஜூலை எண்களைக் கையில் கொடுத்து, இந்த முறை நிழல் எவ்வளவு இருக்கும், எந்தப் பக்கம் விழும் என்ற ஊகத்தைப் பேனாவால் எழுதி வாங்கிய பிறகே திடலுக்கு அழைத்துப் போகட்டும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும். இரண்டு பருவத் தரவையும் வைத்துத் தமிழில் படைக்க விரும்பும் குழுவை ஜனவரியிலேயே சேர்த்துவிடுங்கள், அப்போதுதான் தயாரிக்க நேரம் இருக்கும்.